ஒரு மணி நேரத்துக்குள்

அத்தியாயம் 14

போன வாரம் பெய்ஷான் ஐஸ் பெட்டியும் கையுமாக நாலு மாடி ஏறி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கலவா மீன் குஞ்சுப் பண்ணையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள். ஆண் மீனின் விந்தைப் பிழிந்தெடுத்து ஐஸில் வைத்து, பெண் மீன் முட்டை விடுகிற வேளை பார்த்துக் கலப்பதுதான் அவள் தொழில். மனிதருக்கும் அதே முறைதான் என்று அவளாகவே முடிவு செய்து, பண்ணையில் சொல்லாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐஸ்ல வெச்சா செத்துப்போகும்டி. என் வயித்துல என்ன மீனா வளரப்போகுது?" என்று ருவோலான் சிரித்ததில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

ருவோலான் பள்ளிக்கூடத்து நர்ஸ். இந்த விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். இருவருக்கும் கல்யாணமாகி நாலு வருஷம். கல்யாணத்தைப் பதிவு செய்து, கூடவே வாழ்த்தும் சொல்லி அனுப்பிய அரசாங்கம், கருத்தரிப்பு மருத்துவமனை வாசலில் மட்டும் புருஷன் எங்கே என்று கேட்கிறது. வெளிநாடு போகிறவர்கள் போகிறார்கள். இவர்களுக்கு பெய்ஷானின் தம்பி ஹோங்யூ சரி என்றான். மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் கொடுத்து, எல்லாச் சோதனையும் சுத்தம் என்று தாளும் காட்டிவிட்டான். வீட்டிலேயே முயல்வது என்று முடிவாயிற்று. நாள் மட்டும் பாக்கி இருந்தது.

அந்த நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தது.

"பெய்ஷான், எழுந்திரு. ரெண்டு கோடு."

பெய்ஷான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். ருவோலான் கையில் ஒரு மெல்லிய பட்டை. இத்தனை நாளும் ஒரு கோடு அழுத்தமாகவும் மற்றது வெளுத்தும் இருக்கும். இன்று இரண்டும் ஒரே அழுத்தம்.

"அப்படின்னா?"

"இன்னைக்கு, இல்லேன்னா நாளைக்கு முட்டை வெளிய வரும். உன் தம்பியைக் கூப்பிடு."

ஹோங்யூ ஸின்ச்சூவில் சிப் தொழிற்சாலைப் பொறியாளன். பள்ளி நண்பனுக்குக் கல்யாணம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, வெள்ளிக்கிழமையே சொந்த ஊரான கங்ஷானுக்கு வந்து அம்மா வீட்டில் இருந்தான். நாளைக் காலை ஷிஃப்ட். இன்று மாலை ஏழு மணி ரயிலை விட்டால் அவனுக்கு வேலை சிக்கல். ஆகவே எது நடந்தாலும் இன்றே நடக்க வேண்டும். ருவோலானுக்கு முப்பத்தெட்டு. மாதத்துக்கு ஒரு நாள்தான் வாய்க்கிறது. அடுத்த மாதம் ஹோங்யூவை ஆறு வாரம் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள்.

இதெல்லாம் ருவோலானின் கவலை. பெய்ஷானின் கவலை வேறு. அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில், இறால் வடிவக் காந்தத்தின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தாள். அவளே கைப்பட எழுதியது. 'பிறக்கும் குழந்தைக்கு நான் தாய்மாமன். அப்பா என்ற உரிமையை எப்போதும் கோரமாட்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோர்ட்டில் இது செல்லுமா என்பது சந்தேகம்தான் என்று வக்கீலே சொல்லிவிட்டார். பெற்றவள் ருவோலான், அதில் யாருக்கும் வழக்கில்லை. பெய்ஷான் பிறகு தத்தெடுக்க மனுப் போட்டு, அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, அதன் பிறகுதான் அம்மா. ரத்தம் தம்பியுடையது. நடுவில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான்.

எட்டு மணிக்கு ஹோங்யூ வந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான்.

"மாடிப்படியில யாராவது பாத்தாங்களா?" என்றாள் பெய்ஷான்.

"திருட வந்தவன்கிட்ட கேக்கற மாதிரி கேக்காத, அக்கா."

ருவோலான் மேசைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். பரிசோதனைக் கூடங்களில் தருகிற, உறை பிரிக்காத டப்பா. உறை பிரிக்காத சிரிஞ்சு இரண்டு, ஊசி கிடையாது. சோப்பு. புதுத் துண்டு.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, ஈரம் போகத் துடை. டப்பாவோட உள்பக்கத்தைத் தொடாதே. எண்ணெய், க்ரீம், எச்சில், எதுவும் கூடாது. எல்லாமே அதைக் கொல்லும்."

"ருவோலான் அக்கா, போதும். காது சுடுது."

"காது சுட்டா பரவாயில்ல. ரெண்டு நாளா ஜுரம் எதுவும் இல்லையே? வெந்நீர்க் குளியல்?"

"நீங்க சொன்னதுலேர்ந்து தொட்டிப் பக்கமே போகல."

பெய்ஷான் தாளை எடுத்து நீட்டினாள். பேனாவும் கூடவே.

ஹோங்யூ வாங்கினான். படித்தான். பேனா மூடியைக் கழற்றினான், பிறகு மாட்டினான். "மொதல்ல இது முடியட்டும், அக்கா. அப்புறம் போடறேன். இப்ப கை நடுங்குது, கையெழுத்து கோணிக்கும்."

கோணிக்கொண்டால் என்ன என்று கேட்க நினைத்தாள். காந்தத்தின் கீழே தாளைத் திரும்ப மாட்டினாள்.

"நாங்க கீழ டிபன் கடைல இருக்கோம்," என்றாள் ருவோலான். "முடிஞ்சதும் மெசேஜ் அனுப்பு. டப்பாவைத் துண்டுல சுத்தி மேசைமேல வை. ஃப்ரிட்ஜுல வைக்காதே. மொத்தம் ஒரு மணி நேரந்தான் கணக்கு, புரியுதா?"

"புரியுது. போங்க ரெண்டு பேரும்."

கீழே கடையில் கல்லில் முள்ளங்கிக் கேக் வறுபட்டுக்கொண்டிருந்தது. பெய்ஷான் முட்டை ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ருவோலான் சோயாப் பாலை உறிஞ்சினாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் பெய்ஷான்.

"எனக்கெப்படித் தெரியும்? நீதான் பதினோரு வருஷமா ஆம்பளைங்களைப் பிழியறவ."

கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். "மீனும்மா, மீன்," என்றாள் பெய்ஷான் அவசரமாக.

எட்டு இருபத்தைந்துக்குச் செய்தி வந்தது. 'முடிஞ்சது. துண்டுல சுத்தி வெச்சிருக்கேன்.' ருவோலான் உடனே எழுந்தாள். பெய்ஷான் முட்டை ரொட்டியைப் பொட்டலமாக்கச் சொல்லி நின்றாள். அவளுக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு வர மனம் வராது. பொட்டலம் கைக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, அதற்குள் இரண்டாவது செய்தி வந்தது.

'அம்மா வந்துட்டாங்க. கேட்டாங்க, சொல்லிட்டேன். நான் ஓடிட்டேன். மன்னிச்சிடு அக்கா.'

இருவரும் மாடிப்படியில் ஓடினார்கள். கதவு திறந்தே கிடந்தது.

பெய்ஷானின் அம்மா, ஷியூச்சின், சமையலறையில் இருந்தாள். ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொண்டுவந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கிப் போட்ட கோழி. ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு வெள்ளை நாடா, நாடாவில் தேதி, தேதிக்குக் கீழே பெயர். அம்மா வீட்டிலிருந்து எது வந்தாலும் அது யாருக்கு என்று எழுதித்தான் வரும். ஒருத்தருக்கு வந்ததை இன்னொருத்தர் தொட்டால் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கல்யாணமான முதல் வருஷம் எல்லா மூடியிலும் பெய்ஷான் பெயர்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் ஒரு நாள், மிளகாய் போடாத டப்பா ஒன்று தனியாக வந்தது, ருவோலான் என்று எழுதி. ருவோலான் அதைச் சாப்பிட மனம் வராமல் மூன்று நாள் வைத்திருந்தாள்.

மேசைமேல் துண்டு மட்டும் மடித்து வைத்திருந்தது.

"அம்மா, அந்த டப்பா எங்க?"

"பத்திரமா இருக்கு. வாசல்ல கெடந்த செருப்பப் பாத்தேன், ஹோங்யூவோடது. நண்பன் கல்யாணம்னு போனவன் இங்க என்ன பண்றான்னு கேட்டேன். மூஞ்சி பீட்ரூட்டாப் போச்சு. சொல்லிட்டு ஓடறான். ஓடறப்பவும் சொல்றான், 'ஃப்ரிட்ஜுல வைக்காதீங்கம்மா, சூடு ஆறக் கூடாது'ன்னு."

"சரி. எங்க வெச்சீங்க?"

அம்மா மின்சாரச் சாதக் குக்கரைக் காட்டினாள். அந்த ஊரில் குக்கர் இல்லாத வீடு கிடையாது, அதில் சூடாக வைத்திருக்கும் விளக்கு அணைகிற வீடும் கிடையாது. நேற்றைய கஞ்சி உள்ளே இருந்தது. கஞ்சிக்கு மேலே இட்ட கம்பித் தட்டின்மேல், ஆவி பூத்து, அந்த டப்பா நின்றுகொண்டிருந்தது.

ருவோலான் வெறுங்கையால் தூக்கப் போய், சுட்டுக் கையை உதறினாள். துணியால் பிடித்து வெளியே எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க பெய்ஷானால் முடியவில்லை.

"என்ன, ஆறிப்போச்சா?" என்றாள் அம்மா.

"வெந்துபோச்சு, அத்தை."

குக்கர் டிக் என்றது.

அம்மா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் இருந்த சிரிஞ்சை எடுத்து உறையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஊசி எங்க?"

"ஊசி கிடையாது, அத்தை. இதால மெதுவா உள்ள விடறதுதான். கர்ப்பப்பை வரைக்கும் போகக் கூடாது, வாசல்லயே விட்டுட்டா அதுங்களே நீந்திப் போயிடும்."

"அதுங்களேவா? வழி தெரியுமா?"

"தெரியும்."

"டப்பா எப்படி இருக்கணும் அப்போ?"

"உடம்பு சூடு போதும். கைக்குள்ள, கக்கத்துல வெச்சா போதும். வெயில்லயும் கூடாது, ஐஸ்லயும் கூடாது."

"ஐஸ்னு சொல்லிட்டு என்னைப் பாக்காத," என்று பெய்ஷான் முணுமுணுத்தாள். ருவோலானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு தடவைல அதுல எத்தனை இருக்கும்?" என்றாள் அம்மா.

"கோடிக்கணக்குல."

அம்மா அந்த டப்பாவைப் பார்த்தாள். "கோடிக்கணக்குல. அத்தனையும் அவிச்சிட்டேன்."

அந்த நிமிஷத்தில் பெய்ஷானுக்குக் கோபம்கூட வரவில்லை, பாவமாக இருந்தது. அம்மா அடுத்துச் சொன்னதுதான் அதைக் கெடுத்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. நம்ம ஹோங்யூவோட பிள்ளை. சூ குடும்பத்து ரத்தம். அதுக்குப் போயி மூணு பேரும் திருட்டுத்தனம் பண்ணியிருக்கீங்க."

"ஹோங்யூவோட பிள்ளை இல்லம்மா."

"வேற யாருதாம்?"

பெய்ஷான் வாயைத் திறந்தாள். என்னோடது என்று சொல்ல வேண்டும். அம்மா எதிரில் அந்த வார்த்தை வெளியே வரவில்லை. கையை நீட்டி ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்துப் படித்தாள். இரண்டு வரியைப் படிக்க அத்தனை நேரம் ஆகாது. "இதுல அவன் கையெழுத்தைக் காணோமே."

"அப்புறம் போடறேன்னான்."

"அப்புறமா." அம்மா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போயி அவன்கிட்ட கேக்கறேன்."

"அம்மா, அதை வெச்சிட்டுப் போங்க."

"உன்னைக் கேக்கல, அவனைக் கேக்கறேன்னேன்." வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினாள். "ருவோலான், இன்னைக்கே இன்னொரு தடவை ஆகுமா? இல்ல, அவனுக்கு அவ்வளவுதானா?"

"சாயங்காலம் ஆகும், அத்தை. எண்ணிக்கை கொஞ்சம் குறையும். வீண்னு சொல்ல முடியாது."

அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

மத்தியானம் நகரவே இல்லை. ஹோங்யூவுக்கு ஏழு முறை அடித்தார்கள், எடுக்கவில்லை. ருவோலான் குக்கரைத் தேய்த்துக் கழுவினாள். கஞ்சியைக் கொட்டினாள். பெய்ஷான் சோபாவில் உட்கார்ந்து, உறை பிரிக்காத சிரிஞ்சைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டான்," என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"பேனாவைத் திறந்துட்டு மூடினான், நீ பாக்கல. இப்ப அம்மாவும் சேந்துக்குவாங்க. நாளைக்குப் பிறந்தா உன் பேரு தானா ஏறிடும். அப்பா யாருன்னு கேட்டா அம்மா அவன் பேரைச் சொல்லிட்டு, பழம் வெச்சு முன்னோருக்கும் சொல்லிடுவாங்க. நான் யாரு ருவோ? அத்தையா? பக்கத்து வீட்டு ஆளா?"

ருவோலான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கையைப் பெய்ஷானின் முழங்காலில் துடைத்தாள். "எனக்கும் பயமா இருக்கு. உனக்குத் தாள் பயம். எனக்கு, இதெல்லாம் பண்ணியும் ஒண்ணும் நிக்காமப் போயிடுமோன்னு பயம். என் பயத்தை நீ ஒரு தடவைகூடக் கேக்கல இன்னைக்கு."

உண்மைதான். பெய்ஷான் காலையிலிருந்து அந்தத் தாளைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"கேக்கறேன்," என்றாள். "இன்னைக்கு நிக்கலேன்னா?"

"ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும். அவன் இடையில யாரோடயாவது சேந்திருந்தா மறுபடியும் ரத்தச் சோதனை, மறுபடியும் காத்திருக்கணும். ஏழெட்டு மாசத்துல ஒண்ணுமே ஆகலேன்னா டாக்டர்கிட்ட போய் என்னைப் பாத்துக்கணும்." எண்ணி வைத்திருந்ததைச் சொல்வது தெரிந்தது. "ஆனா ஒண்ணு. அந்தப் பிஸ்டனை அழுத்தறது நீதான். வேற யார் கையும் வேண்டாம். நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது."

ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டர் சத்தம். பெய்ஷான் ஜன்னலுக்கு ஓடினாள். அம்மா ஒருத்திதான். ஹோங்யூ இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி உள்ளே நுழைந்தாள்.

"அம்மாவுக்கு என்னவோ ஆயிடுச்சு," என்று பெய்ஷான் கதவைத் திறந்தாள்.

நாலு மாடி ஏறியும் அம்மா அந்தக் கையை எடுக்கவில்லை. மூச்சு வாங்கியது. "மணி என்ன?"

"அஞ்சு நாப்பத்தெட்டு."

"அவன் குடுத்தது அஞ்சு இருபத்தாறு." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள், நீல மையில் எழுதியிருந்தது. "சந்தை முனைல சிக்னல் விழுந்துடுச்சு. லின் வீட்டுக்காரி வேற வண்டிய ஒட்டி நிறுத்தி, கையில என்ன சுளுக்கான்னு கேக்கறா. ஆமா சுளுக்குன்னேன். தைலம் தரேன்னு நிறுத்தி வெச்சிட்டா." கோட்டுக்குள் கையை விட்டு, ஸ்வெட்டருக்குள் விட்டு, அதற்கும் உள்ளேயிருந்து கைக்குட்டை சுற்றிய டப்பாவை எடுத்தாள். "மருந்துக்கடைல வாங்கின புது டப்பா. தொட்டுப் பாரு. வெந்திருக்கா?"

ருவோலான் கையை நீட்டினாள். அம்மா அவளைத் தாண்டி டப்பாவைப் பெய்ஷான் கையில் வைத்தாள்.

உடம்புச் சூடு. அவ்வளவுதான், அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

"என்னடி, ஏன் ரெண்டு பேரும் நிக்கறீங்க. நேரம் போகுது."

பெய்ஷான் கையைக் கழுவினாள், விரல் இடுக்கெல்லாம், முழங்கை வரை. படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். ருவோலான் இடுப்புக்குக் கீழே தலையணையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பெய்ஷான் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து ஓரமாக வைத்தாள். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கட்டி இளகித் தண்ணீராகியிருந்தது. அதற்குத்தான் கொஞ்ச நேரம் விட வேண்டும் என்று ருவோலான் பலமுறை சொல்லியிருந்தாள். உறையைப் பிரித்துச் சிரிஞ்சை எடுத்தாள். மெதுவாக இழுத்தாள். நுனியை மேலே தூக்கிக் காற்றுக் குமிழை வெளியே தள்ளினாள்.

இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றியது. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஒரு கலவா மீன் இதைவிட அதிகம் தரும்.

"வலிச்சா உடனே சொல்லு."

"சொல்றேன். அவசரப்படாதே. ஒரே அழுத்தா அழுத்தக் கூடாது."

ருவோலான் தன் கையை அவள் மணிக்கட்டின்மேல் வைத்தாள். விரல் நீளத்துக்கு மேல் போகாமல், மிருதுவாக, சிரிஞ்சு உள்ளே போயிற்று. பெய்ஷான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வரை எண்ணினாள். பண்ணையில் ஒரு தொட்டியில் எட்டு லட்சம் முட்டைகளைக் கலக்கும்போதுகூட அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"போயிடுச்சா?" என்று கதவுக்கு வெளியேயிருந்து அம்மாவின் குரல்.

"போயிடுச்சும்மா."

"காலைத் தூக்கி வெச்சுக்கச் சொல்லு."

"அதெல்லாம் வேண்டாம் அத்தை, இருபது நிமிஷம் சும்மா படுத்தா போதும்."

"சும்மா படுக்கறதுக்கு ஒரு வைத்தியமா," என்று அம்மா யாரிடமோ சொன்னாள். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. போகிற உத்தேசம் இல்லை போலிருந்தது.

ருவோலான் கண்ணை மூடிக்கொண்டாள். பெய்ஷான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். உள்ளே என்ன நடக்கிறதோ என்ற ஆவல் ஒரு பக்கம். கதவுக்கு வெளியே என்ன இருக்கிறதோ என்ற பயம் ஒரு பக்கம்.

"அம்மா," என்றாள் கதவைப் பார்த்து. "தாள் என்ன ஆச்சு?"

கதவுக்கு அடியில், நாலாக மடித்த தாள் சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. பெய்ஷான் எடுத்துப் பிரித்தாள். கோட்டின்மேல் ஒன்றும் இல்லை.

"போடலையா?"

"போடல. ரயிலுக்கும் போகலையாம். என் வீட்டுல உட்காந்திருக்கான். உன்கிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணுமாம், அதுக்கப்புறம்தானாம். என்னன்னு என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறான்."

ருவோலான் கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்காதே என்று பெய்ஷான் அவள் தோளைப் பிடித்தாள்.

"நான் வேற ஒண்ணு கேட்டேன் அவன்கிட்ட," என்றாள் அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம், குரலைக் கொஞ்சம் இறக்கி. "பிள்ளைக்கு விடிகாலைல ஜுரம் அடிச்சா யாருடா தூக்கிட்டு ஓடுவான்னு கேட்டேன். அக்காதான்னான். பள்ளிக்கூடத்துல அடம் பிடிச்சா? அக்காதான். எல்லாத்துக்கும் அக்காதான் அக்காதான்கறான். அப்போ நீ எதுக்குடான்னேன். அதுக்குத்தான் பதில் சொல்லல." நாற்காலி நகர்ந்தது. "கோழியச் சுட வைக்கறேன். குக்கருல வைக்க மாட்டேன், பயப்படாதீங்க."

அடுப்படிப் பக்கம் நடந்து போகும் சத்தம் கேட்டது.

இருபது நிமிஷம் ஆவதற்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. பெய்ஷான் சிரிஞ்சையும் காலி டப்பாவையும் ஒரு பையில் போட எடுத்தாள். ஓரமாக வைத்த மூடியை எடுத்தாள். திறந்தபோது அவசரத்தில் கவனிக்கவில்லை. மூடியின்மேல் ஒரு துண்டு வெள்ளை நாடா ஒட்டியிருந்தது. அம்மாவின் கோணல் எழுத்து. மேலே இன்றைய தேதி.

ஹோங்யூ என்று இருக்கும் என்றுதான் நினைத்தாள். விளக்குப் பக்கம் திருப்பினாள்.

பெய்ஷான் என்று எழுதியிருந்தது.

"என்ன பாக்கற?" என்றாள் ருவோலான் படுத்தபடியே.

டப்பாவைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். மூடியைப் போடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மீதி எட்டு நிமிஷமும் ருவோலான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.